பீட்டிலுக்கு வேறு எஞ்சின் ஏற்றும்போது கிளட்ச் பாகங்களைப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர் என்று பழைய வட ஆர்க்காடு பக்கத்தில் ஏர்கூல்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்காகவும், அதைத் தொடத் தயங்கும் மெக்கானிக்குகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: 1200 சி.சி. எஞ்சின் தேய்ந்துபோகிறது, எங்கிருந்தோ ஒரு 1600 கிடைக்கிறது, நான்கு போல்ட்டில் ஏற்றிவிடலாம் என்று வேலையைத் தொடங்குகிறார்கள். நான்கு போல்ட் என்பது உண்மைதான். தகராறு அந்தப் போல்ட்டுகளுக்கு உள்ளே இருக்கிறது.

எஞ்சினைத்தானே மாற்றுகிறேன், கிளட்ச்சைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்?

கிளட்ச் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதன் பாகங்கள் இரண்டு இடங்களைச் சேர்ந்தவை. ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் எஞ்சினைச் சேர்ந்தது, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் உட்காருகிறது. பெடலை மிதித்ததும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதை அழுத்தும் ஃபோர்க், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றும் கியர்பாக்ஸைச் சேர்ந்தவை. பிரஷர் பிளேட் நடுவில் நிற்கும் கல்யாணத் தரகர் மாதிரி. அதன் ஒரு முகம் ஃபிளைவீலுக்கும் மறுமுகம் ரிலீஸ் பேரிங்குக்கும் ஒத்துப்போக வேண்டும்.

எஞ்சின் 1971க்குப் பிந்தையது, கியர்பாக்ஸ் 1965 என்றால் இரண்டு பக்கமும் இரண்டு கணக்கு. எஞ்சினோடு வந்த பிரஷர் பிளேட்டை அப்படியே விட்டுவிட்டு ஏற்றினால் அது ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். வண்டி அன்றைக்கு ஓடக்கூடச் செய்யலாம். பிறகு கரகரவென்று சத்தம் வரும், கியர் விழாது, எஞ்சினை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

என்னிடம் இருப்பது 180 மி.மீ. கிளட்ச்சா, 200 மி.மீ. கிளட்ச்சா?

ஃபிளைவீலோடு சேர்த்துப் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். அதன் குறுக்களவை ஸ்கேலில் அளந்தாலே தெரிந்துவிடும். 1200 சி.சி. எஞ்சின்களிலும் 1966ஆம் ஆண்டின் 1300லும் பொதுவாக 180. 1967 மாடலில் 1500 சி.சி. எஞ்சின் வந்தபோது பீட்டிலுக்கு 200 வந்தது. 1600லும் 200தான்.

பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகள் இரண்டு அளவிலும் வெவ்வேறு வட்டத்தில் இருப்பதால் 180 பிரஷர் பிளேட் 200 ஃபிளைவீலில் உட்காராது. இந்த இடத்தில் தவறு செய்யவே முடியாது, கை வைத்ததும் தெரிந்துவிடும். தெரியாமல் போவதெல்லாம் இனி வருபவை.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆண்டை வைத்துப் பாகம் வாங்கலாமா?

வேண்டாம். ஃபோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 1970 அக்டோபரில் தயாரான வண்டி 1971 மாடல். ஆர்.சி.யில் 1970 என்று இருக்கும், கியர்பாக்ஸில் 1971இன் ரிலீஸ் பேரிங் இருக்கும். போதாததற்கு, ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியது, எந்தக் கை எந்தக் கியர்பாக்ஸை ஏற்றியது என்பதற்குக் கணக்கு கிடையாது. எஞ்சினை இறக்குங்கள், ஃபிளைவீல் பல்லை எண்ணுங்கள், கியர்பாக்ஸின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போன் செய்யுங்கள்.

பல்லை எண்ணுவது எதற்கு?

6 வோல்ட் காலத்து ஃபிளைவீலின் விளிம்பில், ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியருக்கு 109 பல். 12 வோல்ட் ஃபிளைவீலுக்கு 130 பல், வட்டமும் பெரியது. எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் குழம்பிவிடும்.

130 பல் ஃபிளைவீலோடு வந்த 1600ஐப் பழைய 6 வோல்ட் கியர்பாக்ஸில் ஏற்றினால் இரண்டு இடத்தில் முட்டும். முதலாவது, கியர்பாக்ஸின் மணி போன்ற வாய். அதன் உள்சுவரில் ஃபிளைவீல் உரசும். உரசும் இடத்தைத் தேய்த்து எடுத்தே தீர வேண்டும். வார்ப்பு லேசான உலோகம் என்பதால் தேய்ப்பது எளிது, அளவோடு நிறுத்துவதுதான் கடினம். தேய்க்கும்போது இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சீலையும் பேரிங்கையும் துணி வைத்து அடைத்துவிடுங்கள். உலோகத் தூள் உள்ளே போனால் கியர்பாக்ஸ் பிழைக்காது.

இரண்டாவது, ஸ்டார்ட்டர். 130 பல்லுக்கு 12 வோல்ட் ஸ்டார்ட்டர் வேண்டும். அதன் ஷாஃப்ட் முனை, பழைய ஸ்டார்ட்டரின் முனையைவிட மெல்லியது. அந்த முனையைத் தாங்கும் புஷ் கியர்பாக்ஸ் வார்ப்பில்தான் இருக்கிறது. பழைய புஷ்ஷிலேயே புது ஸ்டார்ட்டரை மாட்டினால் முனை ஆடும், பல் சரியாகக் கடிக்காது, ரிங் கியரைச் சவைத்துவிடும். இதற்கென்றே மாற்று புஷ் விற்கிறார்கள். லேத்தில் வெண்கலத்தில் கடைந்தும் கொடுப்பார்கள்.

கியர்பாக்ஸைத் தேய்க்க மனமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, என் ஓட்டும் அதற்குத்தான். 109 பல்லும் 200 மி.மீ. கிளட்ச்சும் சேர்ந்த ஃபிளைவீலை ஃபோக்ஸ்வாகனே செய்திருக்கிறது. 1500 எஞ்சின் வைத்த 6 வோல்ட் வேன்களில் அது வந்தது. அதைக் கண்டுபிடித்து 1600இல் மாட்டினால் கியர்பாக்ஸில் ஒரு கீறல்கூட விழாது. கிடைக்காவிட்டால் 180 ஃபிளைவீலை நல்ல லேத்தில் கொடுத்து 200க்குக் கடைந்து, புதுத் துளையிட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இந்த வழியில் 6 வோல்ட் ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கும். வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தாலும் அது சுற்றும், சற்று ஆவேசமாகவே சுற்றும். சாவியை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருக்காமல் இருந்தால் சரி.

180 ஃபிளைவீலையே 1600இல் மாட்டி ஓட்டினால் என்ன?

ஓடும். காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்குச் சமதரையில் போய்வருகிறவருக்குக் குறையே தெரியாது. ஏலகிரி ஏறுங்கள், தெரியும். அந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப் பலகை உண்டு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் வேகத்தை இழந்து மறுபடி கிளட்ச் விட்டு ஏறும்போது எஞ்சின் சத்தம் உயரும், வண்டி உயராது. பிறகு கருகிய லைனிங் (கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலம்) வாசனை உள்ளே வரும். பழைய 1200 எஞ்சின் 34 குதிரைத்திறன், 1600 ஏறத்தாழ 50. தொழிற்சாலை 200க்கு மாறியது சும்மா அல்ல.

ரிலீஸ் பேரிங்கில் பழையது, புதியது என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1970 மாடல் வரை ரிலீஸ் பேரிங்குக்கு வழிகாட்டும் குழாய் கிடையாது. ஃபோர்க்கின் இரு காதுகளில் கிளிப்பால் தொங்கும். பெடலை மிதித்தால் ஃபோர்க்கோடு சேர்ந்து வளைந்து வந்து அழுத்தும். நேர்கோட்டில் வராத பேரிங் என்பதால், அதை வாங்கிக்கொள்ளப் பிரஷர் பிளேட்டின் நடுவில் தட்டையான வளையம் ஒன்று இருக்கும்.

1971 மாடலிலிருந்து கியர்பாக்ஸின் உள்ளே, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு வழிகாட்டிக் குழாய் வந்தது. பேரிங் அதன்மேல் நேராக வழுக்கிவந்து, பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் நுனிகளையே நேரடியாக அழுத்தும். எனவே நடுவில் வளையம் தேவையில்லை.

கியர்பாக்ஸின் வாய்க்குள் பாருங்கள். இன்புட் ஷாஃப்ட் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய முறை: வளையம் உள்ள பிரஷர் பிளேட் வாங்குங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றிக் குழாய் இருந்தால் புதிய முறை: வளையம் இல்லாதது. எஞ்சின் எந்த ஆண்டு என்பதற்கு இந்த முடிவில் இடமே இல்லை. கியர்பாக்ஸ் சொல்வதுதான் தீர்ப்பு.

மாற்றி மாட்டினால்?

பழைய பேரிங்கை வளையமில்லாத பிளேட்டோடு சேர்த்தால், மையம் பிடிக்காத பேரிங் விரல் நுனிகளை அரைக்கத் தொடங்கும். பெடலில் கால் வைத்ததும் அரைக்கும் ஓசை, விட்டதும் அமைதி என்றால் அதுதான். அப்படி ஓட்டிய ஒரு பிரஷர் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், விரல் நுனிகளில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்துக் கத்தி முனையாகத் தேய்ந்திருக்கும், மறுபக்கம் நீல நிறத்தில் வெந்திருக்கும்.

எதிர்மாறாக, குழாய் உள்ள கியர்பாக்ஸில் வளையம் உள்ள பிளேட்டைப் போட்டால் வளையத்தைப் பிடிக்கும் கம்பிகள் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். உள்ளே கழன்று சுற்றும் வளையம் எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: விரல் ஸ்பிரிங் வகைப் பிளேட்டாக இருந்தால் கம்பிகளைக் கழற்றி வளையத்தை எடுத்துவிட்டு மாட்டலாம். சுருள் ஸ்பிரிங்கும் மூன்று நெம்புகோல்களும் உள்ள பழைய வகையில் வளையத்தை எடுக்கவே கூடாது, அந்த மூன்றும் வளையத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் பொருந்துமா?

1961க்குப் பிந்தைய பீட்டில் கியர்பாக்ஸ்களில் 180, 200 இரண்டும் ஒரே ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டிலும் பிளேட்டின் நடுத்துளையிலும் ஒன்றோடொன்று சேரும் பல் வரிகள்). ஆனாலும் ஏற்றும் முன் பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டில் போட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமில்லாமல் நழுவ வேண்டும்.

ஃபிளைவீல் மாற்றும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்க முகத்தைப் பாருங்கள். பிந்தைய ஃபிளைவீல்களின் உள்ளே ஒரு பள்ளம் இருக்கும், அதில் ரப்பர் ஓ-ரிங் உட்காரும். முந்தையவற்றில் பள்ளம் கிடையாது, கிராங்க் முனைக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே மெல்லிய கேஸ்கெட் இருக்கும். பள்ளம் இருந்தால் ஓ-ரிங், இல்லாவிட்டால் கேஸ்கெட். பாதுகாப்புக்கு இரண்டையும் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் ஃபிளைவீல் முழுமையாக உட்காராது.

அடுத்தது கிராங்க்கின் முன்பின் ஆட்டம். இந்த எஞ்சினில் அதை நிர்ணயிப்பதே ஃபிளைவீலுக்கு உள்ளே இருக்கும் மூன்று ஷிம்கள் (மெல்லிய உலோக வளையங்கள்)தான். ஆகவே ஃபிளைவீல் மாறினால் ஆட்டமும் மாறும். முதலில் ஆயில் சீலும் ஓ-ரிங்கும் இல்லாமல் இரண்டு ஷிம்மோடு மாட்டி இறுக்கி, டயல் கேஜில் ஆட்டத்தை அளக்க வேண்டும். கிடைத்த அளவிலிருந்து 0.10 மி.மீ.யைக் கழித்தால் மூன்றாவது ஷிம்மின் தடிமன் வரும். முடிவில் ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கையால் ஆட்டிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது சார்" என்று சொல்பவருக்கு 0.10 மி.மீ. எங்கே தெரியப்போகிறது?

ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் பெரிய நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

36 மி.மீ. சாக்கெட், சுமார் 35 கிலோ-மீட்டர் டார்க். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 35 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. ஃபிளைவீல் சுற்றாமல் இருக்கப் பூட்டுக் கட்டை வேண்டும், ரிங் கியரில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் பல்தான் போகும்.

குறைவாக இறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பழைய ஃபிளைவீல்களிலேயே பார்க்கலாம். கிராங்க்கோடு சேர்க்கும் நான்கு டவல் ஊசிகளுக்கான துளைகளில் சுண்டுவிரல் நுனியை வைத்துத் தடவுங்கள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விரிந்து ஓரம் மடிந்திருந்தால் அது தளர்ந்து ஓடிய ஃபிளைவீல். அதை வாங்காதீர்கள். உங்கள் எஞ்சினோடு வந்ததே அப்படி இருந்தால் கிராங்க்கின் துளைகளையும் பார்க்க வேண்டும், ஏனெனில் விரிவது ஒரு பக்கம் மட்டுமல்ல.

இந்த நட்டுக்குள்தான் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஊசி பேரிங் இருக்கிறது. ஒரு சிட்டிகை கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் அது கிளட்ச் பிளேட்டைத் தேடிப் போய்விடும்.

ஃபிளைவீல் முகத்தை லேத்தில் கடையலாமா?

லைனிங் படும் முகத்திலிருந்து எவ்வளவு எடுக்கிறார்களோ, பிரஷர் பிளேட் உட்காரும் வெளிவிளிம்பிலிருந்தும் அதே அளவு எடுக்க வேண்டும். உள்முகத்தை மட்டும் கடைந்தால் பிடிப்பு குறைந்து கிளட்ச் வழுக்கும். லேத் காரர் லாரி ஃபிளைவீல் பழக்கத்தில் இதை விட்டுவிடக்கூடும், சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அழுத்தம் அதிகமான பிரஷர் பிளேட் நல்லதுதானே?

சாதாரண 1600க்குத் தேவையே இல்லை. கால் வலிக்கும், கேபிள் அறும், ஃபோர்க் ஷாஃப்ட் தேயும், ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க்கைத் தாங்கும் பேரிங் கூடுதல் சுமை வாங்கும். காட்பாடி மேம்பால நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் உங்கள் இடது முழங்காலே பதில் சொல்லிவிடும்.

எஞ்சினை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது?

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாக, 2.5 கிலோ-மீட்டர் வரை இறுக்குங்கள். அதற்கு முன் கிளட்ச் பிளேட்டை மையத்தில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டு ஒன்று இருந்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. இல்லாவிட்டால் மரக்கடைசலில் ஒன்று செய்து தரச் சொல்லலாம். பிளேட்டின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும்.

ஜாக்கியில் ஏறும் எஞ்சின் நூறு கிலோவை ஒட்டி இருக்கும். அந்த எடை ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் எடுபடாது. வண்டியைக் கியரில் போட்டுவிட்டு ஒருவர் எஞ்சினை மட்டமாகத் தள்ள, இன்னொருவர் கீழ்ப் புல்லியைக் கையால் மெல்லத் திருப்பினால், ஸ்ப்ளைன் சேர்ந்த இடத்தில் எஞ்சின் தானாக உள்ளே போகும். கடைசி அரை அங்குலம் போகவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுப்பவர்கள் கியர்பாக்ஸ் காதை உடைப்பார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி கிளம்பும்போது உதறுகிறதே?

முதலில் கேபிள் உறையைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கு முன்னால் கேபிள் ஒரு வளையும் குழாய் வழியாக வருகிறது. அது 25 முதல் 45 மி.மீ. வரை தொய்ந்திருக்க வேண்டும். எஞ்சின் குலுங்கும்போது அந்தத் தொய்வுதான் கேபிளைப் பிடித்து நிதானப்படுத்துகிறது. குழாய் நேராக இருந்தால் வாஷர் சேர்த்துத் தொய்வை வரவழையுங்கள். அடுத்ததாகக் கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்.

பெடலில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். இடது பின்சக்கரத்துக்கு முன்னால், கியர்பாக்ஸ் லீவரில் இருக்கும் சிறகு நட்டில் அதைச் சரிசெய்யலாம். ஆட்டமே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் சரி என்றால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். கசிவது எங்கிருந்து என்று மூக்கே சொல்லும்: கியர் ஆயிலுக்கு அழுகிய கந்தக நெடி உண்டு, எஞ்சின் ஆயிலுக்கு இல்லை. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண்வேலை.

பழைய பிளேட்டுக்கு லைனிங் ஒட்டி வாங்கலாமா?

நடுப்பகுதி ஸ்பிரிங்குகள் ஆடாமல் இருந்து, ரிவெட் அடிப்பவர் கைதேர்ந்தவராக இருந்தால் வாங்கலாம். ஆனால் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கியர்பாக்ஸ் வாயில் படிந்த கரும்பொடியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பது இதில் ஒரு வசதி. புதுப்பேட்டையிலும் ஜே.சி. சாலையிலும் விசாரிக்கலாம். ஆனால் பழைய ஃபிளைவீலைத் தவிர வேறு எதையும் பழையதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். மெக்சிகோவில் பீட்டில் 2003 ஜூலை வரை தயாரானதால் 200 மி.மீ. பாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. இறக்குமதி செய்து விற்பவர்களிடம் "1968 பீட்டில் கிளட்ச்" என்று கேட்காதீர்கள். "200 மி.மீ., வளையம் உள்ளது" என்று கேளுங்கள்.

வேன் எஞ்சினை பீட்டிலில் ஏற்றலாமா? ஃபியட் 500க்கும் இதே கணக்கா?

1972 முதல் ஃபோக்ஸ்வாகனின் பெரிய வேன்களில் வந்த 1700 முதல் 2000 சி.சி. வரையிலான எஞ்சின்கள் வேறு குடும்பம். அவற்றின் ஃபிளைவீல் ஒரே நட்டில் அல்ல, ஐந்து போல்ட்டில் நிற்கிறது. கிளட்ச்சும் 210, 215, 228 என்று போகிறது. தனி அடாப்டர் ஃபிளைவீல் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஃபியட் 500க்கு முதல் கேள்வியில் சொன்ன கணக்கு பொருந்தும், பாகங்கள் எதுவும் பொருந்தாது.

எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டுமா?

ஆம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்கு 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது நல்லது. எஞ்சினை வாங்கிய ரசீது இல்லாமல் போனால் நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

வின்டேஜ் பதிவு பெற நினைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். 2021இல் வந்த விதிகளின்படி 50 வயது கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 'விஏ' எழுத்துள்ள எண் கிடைக்கும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவு வேண்டுமென்றால் 1600ஐத் தேடும் முன் பழைய 1200ஐப் பிரித்து ரீபோர் செய்ய முடியுமா என்று பாருங்கள். அப்போது ஃபிளைவீலும் கிளட்ச்சும் இருந்தபடியே இருக்கும், ஒரு ஆயில் சீலும் புதுப் பிளேட்டும் போட்டால் முடிந்தது.